மணிக்கூண்டு விரிசலும் வெங்கடகிருஷ்ணனும்

செகந்தராபாத் மோண்டா மார்க்கெட்டில் வெங்கடகிருஷ்ணன் தேங்காய் வாங்குவதைப் பார்க்க அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள். தட்டுவார், ஆட்டுவார், காதில் வைத்துக் கேட்பார், கண்ணை அழுத்திப் பார்ப்பார். கடைசியில் கடைக்காரன் எடுத்துக் கொடுத்த காயை விட்டுவிட்டு அடியில் கிடக்கும் ஒன்றை உருவுவார். அது அழுகலாக இருந்த நாட்களும் உண்டு. அப்போதும் அவருக்குத் தன்மேல் சந்தேகம் வராது. அவர் அடியில் இருப்பதைத்தான் எடுப்பார் என்று தெரிந்து கடைக்காரன் அழுகலை அடியில் போட்டிருக்கிறான் என்பார்.

பிறக்கும்போதே அப்படி இல்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த சாதுவான ஆள்தான். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அப்பாவின் தாத்தா ஆரணிப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் கண்டோன்மென்ட் கட்டிய காலத்தில் கல் வேலைக்கு வந்தவர். வெங்கடகிருஷ்ணன் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரம் சரியான ஆழத்தில் இருப்பதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். வெயில் கொளுத்தியது. போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். முதல் மழைக்கே சுவர் சரிந்தது. பக்கத்தில் நடந்துபோன ஒரு அம்மாளுக்குக் கால் போயிற்று. அன்றிலிருந்து தன் கண்ணால் பார்க்காத எதையும் அவர் நம்புவதில்லை. கண்ணால் பார்த்ததையும் இன்னொரு தடவை பார்ப்பார்.

இந்தக் குணத்துக்கு ஏற்ற வேலையாகத்தான் அவருக்கு வாய்த்தது. 1984-ல் ஆல்டர்டன் பப்ளிக் ஸ்கூலில் கட்டட சூப்பர்வைசராகச் சேர்ந்தார். செகந்தராபாத்தில் அந்தக் கட்டடத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. கீழ்த்தளம் கருங்கல், மேல்தளம் சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல். முகப்பில் வரிசையாகப் பதினேழு வளைவுகள். தாழ்வாரம் முழுக்க ஷாபாத் கல் பாவிய தரை. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இடித்துப் போட்ட கூரை என்பதால், மே மாதத்திலும் வகுப்புக்குள் வெக்கை இறங்காது. நட்டநடுவே மணிக்கூண்டு. கடிகாரம் மட்டும் இங்கிலீஷ் பாணி. அதற்குமேல் நான்கு மூலையிலும் நான்கு குட்டி மினார்களும் ஒரு குமிழும் உட்கார்ந்திருக்கும். துரைமார் பிள்ளைகளுக்காகக் கட்டியது, 1948-க்குப் பிறகு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது.

பள்ளியைப் பார்க்க யார் வந்தாலும் சுற்றிக் காட்டுவது வெங்கடகிருஷ்ணன்தான். "நைன்டீன் லெவன்ல ஒரே மூச்சில எழுப்பின கட்டடம் சார்" என்று ஆரம்பிப்பார். பள்ளியின் வரலாற்றுப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. தன் கொள்ளுத்தாத்தா கல் செதுக்கியதும் இங்கேதான் என்று சேர்த்துக்கொள்வார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிற மனுஷன், இதற்கு மட்டும் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தின்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.

2006 ஜூன் மாதம் பள்ளியை நடத்தும் டிரஸ்டின் செக்ரட்டரி ஒரு இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ராகேஷ், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். கட்டடத்தின் ஆரோக்கியத்தைப் பரிசோதிக்கப் போகிறானாம். அவனுக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் டேப்போடு வந்து காம்பவுண்டைச் சுற்றி அளக்க ஆரம்பித்தார்கள். வெங்கடகிருஷ்ணனுக்கு மூக்கில் வியர்த்தது. கட்டடத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தவன் எதற்காக மனையை அளக்கிறான்?

அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. மாதாப்பூர்ப் பக்கம் பாறைகளை வெடிவைத்துப் பிளந்து கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஊருக்கு நடுவே நாலு ஏக்கர் என்றால் யாருக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறாது? பள்ளியைப் பட்டான்செரு தாண்டி நெடுஞ்சாலை ஓரத்துக்கு மாற்றிவிட்டு இங்கே ஆபீஸ் காம்ப்ளெக்ஸ் எழுப்புவது என்று டிரஸ்டில் பேச்சு நடந்தது. கட்டடம் ஆபத்தானது என்று ஒரு அறிக்கை கிடைத்துவிட்டால் காரியம் சுலபம். ராகேஷ் மூன்றே வாரத்தில் அறிக்கை கொடுத்தான். மணிக்கூண்டுப் பக்கத்து விரிசல்கள் நகர்கின்றன, தொடர்ந்து அளக்க வேண்டும் என்று அதில் இருந்தது. செக்ரட்டரி அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முழுக் கட்டடத்துக்கும் நாள் குறிக்கப் பார்த்தார்.

வெங்கடகிருஷ்ணன் விடவில்லை. பழைய மாணவர்கள் சங்கத்துக்குப் போனார், பேப்பர்காரர்களைப் பிடித்தார், ஊரைக் கூட்டினார். கடைசியில் ஜனவரியில் நகர நிபுணர் குழு ஒன்று வந்து பார்க்கும், அதுவரை விரிசல்களைக் கண்காணித்து மாதாமாதம் அறிக்கை தரவேண்டும் என்று முடிவாயிற்று. கண்காணிக்கும் பொறுப்பு வெங்கடகிருஷ்ணனுக்கு. ராகேஷும் தன் கருவியோடு தனியாக வந்து அளப்பான்.

"அந்தப் பையன் மெஷினை நான் நம்பமாட்டேன். முள்ளைத் திருப்பினா நம்பர் மாறுது" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

அவருடைய முறை வேறு, பழைய முறை. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். சுவர் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் நகரவில்லை, விரிசல் பழைய விரிசல். இதற்கு 'சாட்சி' என்று அவரே பெயர் வைத்திருந்தார். சாட்சிக்கு ஏற்ற கண்ணாடி வீட்டிலேயே கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மனைவி கல்பகம் அதே பள்ளியில் பயாலஜி லேப் அசிஸ்டென்ட். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் ஸ்லைடு அவளிடம் பெட்டி பெட்டியாக இருந்தது.

"பதினாலு ஸ்லைடு வேணும் கல்பகம். எக்ஸ்ட்ரா கொஞ்சம்."

"எடுத்துக்குங்க. கைக்கு இவ்ளோ டென்ஷன்? கட்டடம் எங்கயும் ஓடிடாது" என்றாள் கல்பகம். ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று ஊர் உருது அவர்கள் வீட்டுத் தமிழில் கலந்திருந்தது. ஒட்டுவதற்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும், எண் எழுதக் கண்ணாடியில் எழுதுகிற சிவப்புப் பென்சிலும் அவள்தான் கொடுத்தாள்.

பதினான்கு விரிசல்களில் பதினான்கு சாட்சிகளை ஒட்டினார். எண்ணும் தேதியும் எழுதினார். ஒட்டுவதற்கு முன்னால் இன்னொரு காரியமும் செய்தார். ஒவ்வொரு ஸ்லைடின் பின்பக்கத்திலும் கண்ணாடி வெட்டும் உளியால் மயிரிழை போல ஒரு சாய்கோடு கீறினார். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மட்டுமே தெரியும். செக்ரட்டரி ஆட்கள் என்ன தில்லுமுல்லு செய்வார்களோ, யார் கண்டது? தன் கண்ணாடி தன் கண்ணாடிதான் என்று நிரூபிக்க ஒரு ரகசியக் குறி இருக்கட்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. கல்பகத்திடமும் சொல்லவில்லை. அவள்மேல் சந்தேகம் என்று இல்லை. ரகசியம் என்றால் ரகசியம். அவருடைய சந்தேகங்கள் எல்லாம் செருப்பு மாதிரி, வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். பால்காரனை நம்பமாட்டார், கேபிள்காரனை நம்பமாட்டார், மாதாப்பூரில் வேலை பார்க்கும் மகள் தாரிணி ஆபீஸில் நடந்ததாகச் சொல்வதையும் பாதிதான் நம்புவார். கல்பகம் சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம், திங்கட்கிழமைச் சுற்றில், ஆறாம் எண் சாட்சி நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. மணிக்கூண்டும் மாடித் தாழ்வாரமும் சேரும் மூலையில் இருந்த சாட்சி அது. சுவர் நகர்ந்துவிட்டதா? வெங்கடகிருஷ்ணனுக்கு அந்தப் பயம் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷமே சந்தேகம் கைகொடுத்தது. யாரோ தட்டியிருக்கிறார்கள்.

யார்? மாடிக்கு வார இறுதியில் போகக்கூடியவன் வாட்ச்மேன் யாதகிரி ஒருவன்தான். பதினைந்து வருஷமாக இருப்பவன், அதிர்ந்து பேசாதவன். அப்படிப்பட்டவனைத்தான் விலைக்கு வாங்குவார்கள் என்று வெங்கடகிருஷ்ணன் கணக்குப் போட்டார். முன் வாசலில் எல்லார் எதிரிலும் நிற்கவைத்துக் கேட்டார். "மேலே போனியா? யார் சொல்லி உடைச்சே?"

"நான் கண்ணாடியையே பார்க்கல சார். எங்க இருக்குன்னுகூடத் தெரியாது" என்றான் யாதகிரி தெலுங்கில்.

"தெரியாதுன்னு சொல்றவனுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

ஆறாம் எண்ணில் குறி கீறிய புது ஸ்லைடை ஒட்டிவிட்டு, அன்றே அவனைப் பின்பக்கக் கேட்டுக்கு மாற்றினார். கேண்டீன் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். யாதகிரி தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தான். அன்றிலிருந்து வெங்கடகிருஷ்ணனுக்கு வணக்கம் சொல்வதையும் நிறுத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் மோர் மட்டும் குடித்தார். "அந்தக் கட்டடம் போச்சுன்னா நானும் போனமாதிரிதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கல்பகம் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த மாதிரி எல்லாம் பேச நக்கோங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அதற்குப் பிறகு ஒரு சாட்சிகூட உடையவில்லை. செப்டம்பர் மழையில் உடையவில்லை, அக்டோபரில் உடையவில்லை. வெங்கடகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா? அவனைப் பின் கேட்டுக்கு அனுப்பினேன், உடையறது நின்னுபோச்சு. இதைவிட ப்ரூஃப் என்ன வேணும்?" என்று கல்பகத்திடம் மார்தட்டினார். கல்பகம் சாம்பாருக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தாள். "ஹவ்" என்றாள் தலையைத் தூக்காமல்.

ராகேஷின் கருவி மட்டும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதாகக் காட்டியது. டிசம்பர் கூட்டத்தில் அவன் அதைச் சொன்னபோது வெங்கடகிருஷ்ணன் எழுந்து, "என் கண்ணாடி பொய் சொல்லாது. பொய் சொல்றது நீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பையன் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டான். அன்று மாலை வெங்கடகிருஷ்ணன் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நிபுணர் குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ரகசியக் குறியைக் குழுவிடம் எப்படிக் காட்டுவது என்று ஒத்திகை பார்க்க டார்ச்சோடு கிளம்பினார். காலை பதினொன்றரை மணி. வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஒன்றாம் எண்ணில் டார்ச்சைச் சாய்த்து அடித்தார், கோடு மின்னியது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் அவர் கீறிய கோடுகள். ஆறாம் எண்ணில் கோடு இல்லை.

டார்ச்சைத் துடைத்து மறுபடி அடித்தார். மேலிருந்து, கீழிருந்து, கிட்டத்திலிருந்து. இல்லை. ஏழிலும் இல்லை. எட்டிலும் இல்லை. ஒன்பதிலிருந்து பதினான்குவரை எல்லாவற்றிலும் இருந்தது.

படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ மாற்றியிருக்கிறார்கள். செக்ரட்டரி ஆளா? ஆனால் செக்ரட்டரி ஆள் கண்ணாடியை உடைப்பானே தவிர முழுக் கண்ணாடியை எதற்கு ஒட்டுவான்? உடைந்ததை எடுத்துவிட்டு முழுசை வைப்பதால் யாருக்கு லாபம்? கட்டடம் நிற்கவேண்டும் என்று நினைக்கிறவனுக்குத்தான். அப்படி நினைக்கிறவர் அந்தப் பள்ளியிலேயே ஒருவர்தான், அது அவரேதான். ஸ்லைடில் இருந்த எழுத்தும் அவருடையது மாதிரியே இருந்தது. டிராயிங் பழகியவர்கள் ஏழுக்குக் குறுக்கே போடும் கோடு, அதுகூட இருந்தது. ஒரு கணம் தனக்கே மூளை கலங்கிவிட்டதோ, தானே மாற்றிவிட்டு மறந்தோமோ என்று பயந்துபோனார்.

பிறகு முனைகளில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்தார். அவர் ஒட்டியது அப்பம் மாதிரி அப்பியிருக்கும். இந்த மூன்றிலும் விளிம்பை வழித்து நகத்தால் தடவினாற்போல் மழமழவென்று முடித்திருந்தது. அந்த வேலைப்பாட்டை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். லேபில் தவளையும் மண்புழுவும் மிதக்கும் ஜாடிகளின் மூடியைச் சுற்றி மெழுகு பூசி முடித்திருப்பது அதே கை.

அவர் எழுந்து லேபுக்குப் போனார். அடுத்த கதவுதான். சாப்பாட்டு மணி அடித்து வகுப்பு காலியாகியிருந்தது. கல்பகம் ஸிங்க்கில் டெஸ்ட் ட்யூப் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தையும் கையிலிருந்த டார்ச்சையும் பார்த்துவிட்டுக் குழாயை மூடினாள்.

"ஆறு, ஏழு, எட்டு" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"ஆமாங்க. நான்தான்."

"எத்தனை தடவை?"

"பதினொண்ணு."

கல்பகம் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் உடைந்த ஸ்லைடு, வெளியே எண், தேதி. லேப் பழக்கம், எதையும் பெயர் எழுதாமல் தூக்கிப்போட அவளுக்கு வராது. ஆறாம் எண் நான்கு தடவை, ஏழாம் எண் ஐந்து, எட்டாம் எண் இரண்டு. அவர் திங்கட்கிழமை பத்து மணிக்குச் சுற்று வருவார். அவள் எட்டு மணிக்கே வந்து பார்த்துவிடுவாள்.

"கைக்குடி? எதுக்கு இப்படிப் பண்ணே?"

"முதல் தடவை உடைஞ்சப்போ ரெண்டு நாள் சாப்பிடல நீங்க. நானும் போனமாதிரின்னு சொன்னீங்க. அடுத்தது உடைஞ்சதை நான்தான் முதல்ல பார்த்தேன். ஒரு தடவைதானேன்னு மாத்தினேன். அப்புறம் மறுபடி உடைஞ்சது. மறுபடி மாத்தினேன். நிறுத்தத் தெரியலங்க."

"கீழே ஆறாம் கிளாஸ் பசங்க உக்காந்திருக்காங்கடி! நாப்பத்தெட்டு பசங்க!"

"தெரியும்." அவள் டின்னை மூடினாள். "மழை பெய்யற ஒவ்வொரு நாளும் வந்து நின்னு பார்த்திருக்கேன். அந்த ரூம்ல பெஞ்ச் ஆடுது, லைட் சரியில்லைன்னு சொல்லி வேற ரூமுக்கு மாத்துங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். யாரும் கேக்கல. ஒரு முடி அளவுதானே, அதுக்காகச் சுவர் விழுந்துடுமான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

வெங்கடகிருஷ்ணனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. முப்பது வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர், வாயில் வந்ததை எல்லாம் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வேறொன்று தெரிந்தது. இந்த ஐந்து மாதமும் விரிசல் நகரவில்லை என்று கையெழுத்துப் போட்டவர் அவர். போய்ப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். பார்த்தும் என்ன பிரயோஜனம்? சரிந்த காம்பவுண்டுச் சுவரையும் அந்த அம்மாளையும் நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஆறாம் வகுப்பை அன்று மத்தியானமே வேறு அறைக்கு மாற்றினார். மணிக்கூண்டில் பெரிய தேன்கூடு கட்டியிருக்கிறது, கலைந்தால் பிள்ளைகளைக் கொட்டிவிடும் என்று சொன்னார். தேனீ என்றதும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மணிக்கூண்டுப் படிக்கட்டுக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்.

வீட்டில் இருவரும் அதிகம் பேசவில்லை. கல்பகம் காபி கொண்டுவந்து வைத்தாள். தம்ளரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வெங்கடகிருஷ்ணன் எடுத்தார். எதற்காகப் பார்த்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள் என்று தெரிந்ததும் கூசிப்போனார்.

"குழு வந்ததும் நானே எழுந்து சொல்லிடறேங்க" என்றாள் அவள்.

"நீ வாயைத் திறக்கக் கூடாது."

"அப்ப கட்டடம்?"

"டின்னை மட்டும் குடு."

பேசாமல் இருந்துவிட்டால் கட்டடம் பிழைத்துவிடும். ஆறாம் வகுப்பு வேறு அறையில் இருக்கிறது, தேன்கூட்டை ஒரு வருஷத்துக்கு இழுக்கலாம். இதெல்லாம் அவருக்கு ஓடாமல் இல்லை. இரண்டு நாளும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதற்குக் குழுவின் முன்னால் பதினான்கு சாட்சியும் முழுசு என்று அவர் கையெழுத்துப் போடவேண்டும். அவரால் அது முடியாது. முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு வயதான விஜயவாடா அம்மாள். காட்டன் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக வந்திருந்தார். செக்ரட்டரி, ராகேஷ், சில ஆசிரியர்கள், பியூன்கள், பின்னால் நின்ற யாதகிரி என்று மாடித் தாழ்வாரத்தில் கூட்டமாகிவிட்டது. கல்பகம் லேப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெங்கடகிருஷ்ணன் டின்னைத் திறந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் விளிம்பில் பரப்பினார். "ஆறு, ஏழு, எட்டு, இந்த மூணும் உடைஞ்சுக்கிட்டே இருந்தது மேடம். பதினொரு தடவை மாத்தியிருக்கு. தேதி எல்லாம் நெஜத் தேதி. ராகேஷ் சார் மெஷின் காட்டினது சரி. நான் கொடுத்த அறிக்கைதான் தப்பு."

ராகேஷ் குனிந்து பொட்டலங்களைப் பார்த்தான். செக்ரட்டரி முகத்தில் தீபாவளி.

"மாற்றியது யார்?" என்று கேட்டார் அம்மாள்.

லேப் கதவு கிறீச்சிட்டது. கல்பகம் ஒரு அடி எடுத்து வைத்திருந்தாள். வெங்கடகிருஷ்ணன் அந்தப் பக்கம் திரும்பாமலே, "நான்தான் மேடம்" என்றார். "கட்டடம் போயிடக் கூடாதுன்னு நான்தான் மாத்தினேன்."

யாராவது ஒருவர், இவரா, இருக்காதே என்று சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். ஆணி வாங்கினால்கூட எண்ணிப் பார்க்கிற மனுஷன் கள்ளத்தனம் செய்வாரா என்று இருபத்திரண்டு வருஷம் கூட வேலை பார்த்தவர்களில் ஒருவருக்காவது உறுத்தாதா? யாருக்கும் உறுத்தவில்லை. கணக்கு வாத்தியார் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பியூன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்கு முதலிலிருந்தே உங்கள்மேல் ஒரு சந்தேகம் இருந்தது, வெங்கட் சாப்" என்றார் செக்ரட்டரி. கல்பகம் பேச வாயெடுத்தாள். வெங்கடகிருஷ்ணன் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு லேபுக்குள் போய்விட்டாள்.

விஜயவாடா அம்மாள் இதிலெல்லாம் அதிக நேரம் செலவழிக்கவில்லை. பொட்டலங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார். பிறகு ராகேஷிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கி, ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் காரையைச் சுரண்டினார். அரையடி அகலத்துக்குச் சுரண்டியதும் உள்ளே கல் தெரிந்தது. மணிக்கூண்டுக் கல்லும் தாழ்வாரக் கல்லும் ஒன்றோடொன்று கோத்திருக்கவில்லை. வெறுமனே ஒட்டி நின்றன.

"இது ஒரே மூச்சில் கட்டியது இல்லை. பள்ளி முதலில் வந்திருக்கிறது. மணிக்கூண்டு ஒரு இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து யாரோ அவசரத்தில் கொண்டுவந்து சாய்த்தது. அஸ்திவாரம் தனி. அது மட்டும்தான் இறங்குகிறது. மற்ற பதினொரு கண்ணாடியும் ஏன் உடையவில்லை என்று பாருங்கள். மீதிக் கட்டடம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது."

மணிக்கூண்டை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும், இரண்டு பக்கக் கட்டடத்தையும் தொடக்கூடாது என்று குழு எழுதிக் கொடுத்தது. உடைந்த ஸ்லைடுகளின் தேதிகளை வைத்துத்தான் அவ்வளவு திட்டமாக எழுத முடிந்தது என்று ராகேஷ் பிறகு சொன்னான். செக்ரட்டரி முகத்துத் தீபாவளி அணைந்தது. பதினேழு வளைவுகளில், மணிக்கூண்டின் அடியில் இருந்த மூன்று போக, பதினான்கு இன்றைக்கும் நிற்கின்றன.

வெங்கடகிருஷ்ணனைத்தான் நிற்கவிடவில்லை. பொய் அறிக்கை கொடுத்ததற்காக, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போதே ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரே மூச்சில் எழுப்பிய கட்டடம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அதை நினைத்து ஒரு பக்கம் வெட்கம். கல்பகத்துக்கு வேலை போகவில்லை என்பதில் ஒரு பக்கம் நிம்மதி. சாவிகளை ஆபீஸில் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், முன் வாசல் வழியாகப் போகாமல் பின்பக்கக் கேட்டுக்கு நடந்தார். இதைச் செய்யாமல் வீட்டுக்குப் போகமுடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

யாதகிரி ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"யாதகிரி, நீ உடைக்கலைன்னு எனக்கு இப்போ தெரியும். எல்லார் எதிர்லயும் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார் வெங்கடகிருஷ்ணன் தெலுங்கில். "மன்னிச்சுடு."

யாதகிரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஐந்து மாதமாகப் புரியாத ஒன்று அப்போதுதான் புரிந்ததுபோல் அவன் முகம் மெல்ல மாறியது.

"உங்களுக்கு அப்பவே தெரியும் சார். கண்ணாடியை மாத்தறதை நான் பார்த்துடக் கூடாதுன்னுதானே என்னை இங்க அனுப்பினீங்க?"

இல்லை என்று சொன்னால் பிறகு யார் மாற்றியது என்று சொல்லவேண்டும். வெங்கடகிருஷ்ணன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார்.